சாவி யார் கையில்

புதிய கைபேசி வாங்கிய மறுநாள் என் மின்னஞ்சல் கணக்கு என்னை உள்ளே விடவில்லை. கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய வேண்டும் என்று சொல்லி, நான் எப்போதோ கைவிட்ட பழைய எண்ணுக்கு ஒரு குறியீட்டை அனுப்பியது. மாற்று முகவரியாக நான் கொடுத்திருந்தது பழைய அலுவலகத்து முகவரி. அந்த வேலையை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. உதவிப் பக்கத்தில் இருந்த படிவத்தை நிரப்பினேன். சில நிமிடங்களில் பதில் வந்தது: இந்தக் கணக்கு உங்களுடையது என்று உறுதிசெய்ய இயலவில்லை. மறுபடி நிரப்பினேன். அதே பதில். அந்தப் பக்கத்தில் பேச மனிதர் யாரும் இல்லை.

11 நாட்கள் அப்படியே போயின. என் வாழ்க்கையின் எத்தனை கதவுகளுக்கு அந்த ஒரு முகவரி தாழ்ப்பாளாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வங்கிக்கடன் அறிக்கை, காப்பீடு, வேறு தளங்களின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு என்று எல்லாம் அங்கேதான் போய் விழுந்தன. கடைசியில் அலமாரியில் கிடந்த பழைய மடிக்கணினியை எடுத்து, உயிர் கொடுத்து, அதிலிருந்து முயன்றபோது கதவு திறந்தது. அந்தக் கணினியை அதற்கு அடையாளம் தெரிந்திருந்தது, என்னைத் தெரியவில்லை.

உள்ளே போனதும் முதன்முறையாக அந்தக் கணக்கை ஒரு அந்நியரின் கண்ணால் பார்த்தேன். பாஸ்போர்ட் நகல், சம்பளச் சீட்டுகள், அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகள், மனம் உடைந்திருந்த ஒரு வருடத்தில் நண்பனுக்கு எழுதிய நீண்ட கடிதங்கள். எல்லாவற்றையும் அங்கே வைத்தவன் நானேதான். யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே, “மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். தப்பு செய்யாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு என்பது உள்ளர்த்தம். அந்தப் பழமொழியில் வருகிறவனை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மடியில் கனத்தோடு நடக்கிறவன் திருடன் இல்லை, தன் சொந்தப் பணத்தை எடுத்துப் போகிற வழிப்போக்கன். அம்மாவின் ரத்தப் பரிசோதனை என் மடியில் இருக்கும் கனம். அதற்குப் பயப்பட எனக்கு உரிமை உண்டு.

நாம் எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் அறிமுகமானபோது 1 ஜிபி இடம் கொடுத்தார்கள். அப்போது ஹாட்மெயில் தந்தது 2 எம்பி, யாஹூ தந்தது 4 எம்பி. பழைய மெயில்களை அழித்து அழித்து இடம் பண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு, இனி எதையும் அழிக்க வேண்டாம், தேடினால் கிடைக்கும் என்பது பெரிய விடுதலை. விலையாக, விளம்பரம் காட்டுவதற்காக நம் மெயில்களின் உள்ளடக்கத்தைக் கணினி படித்தது. அந்த வழக்கத்தை நிறுத்துவதாக கூகுள் அறிவித்தது 2017இல்தான். ஸ்பாமைத் தடுப்பதிலும் கணக்கைத் திருடர்களிடமிருந்து காப்பதிலும் பெரிய நிறுவனங்களை விஞ்சுவது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பாதுகாப்பு. அந்தரங்கம் வேறு கேள்வி: வெளியாள் நுழைய முடியாத வீட்டில், வீட்டுக்காரர் என் பெட்டியைத் திறக்க முடியுமா?

இங்கேதான் சாவியைப் பற்றிப் பேச வேண்டும். என்கிரிப்ஷன் என்கிறோமே, அந்த மறையாக்கம் இப்போது எல்லா நிறுவனங்களின் விளம்பரத்திலும் இருக்கிறது. யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் மூன்று வெவ்வேறு விஷயங்களுக்கு அந்த ஒரே சொல் ஓடுகிறது. உங்கள் கணினியிலிருந்து அவர்களின் சர்வருக்கு, அதாவது மெயில்களைச் சேமித்துவைக்கும் அவர்களுடைய கணினிக்கு, போகும் வழியில் பூட்டு, இது ஒன்று. சர்வரில் கிடக்கும்போது பூட்டு, ஆனால் சாவி நிறுவனத்திடம், இது இரண்டாவது. சாவி உங்களிடம் மட்டுமே, நிறுவனம் நினைத்தாலும் திறக்க முடியாது, இது மூன்றாவது. முதல் இரண்டும் எங்கும் உண்டு. மூன்றாவதைத் தேடித்தான் போக வேண்டும்.

சாவி நிறுவனத்திடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013இல் லவாபிட்டுக்கு நடந்ததைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் லாடார் லெவிசன் என்பவர் நடத்திய சிறிய மின்னஞ்சல் சேவை அது, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்கள். அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடனும் அதைத்தான் பயன்படுத்தினார். ஒருவரைக் கண்காணிப்பதற்காக எல்லோருடைய போக்குவரத்தையும் திறக்கும் சாவியை அரசு கேட்டது. லெவிசன் அந்தச் சாவியை, கண்ணால் படிக்க முடியாத நுண்ணெழுத்தில் 11 பக்கங்களில் அச்சிட்டுக் கொடுத்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை, கணினியில் படிக்கும் வடிவில் கொடுக்கும்வரை நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது. ஆகஸ்ட் 8 அன்று அவர் சேவையையே மூடிவிட்டார். அவருடைய நேர்மையில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நாம் போகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு லெவிசன் இருப்பார் என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது. அதனால்தான் பிறகு வந்தவர்கள் தங்களிடம் சாவியே இல்லாதபடி கட்ட முயன்றார்கள்.

அவர்களில் அதிகம் பேசப்படுபவை இரண்டு. செர்ன் என்ற இயற்பியல் ஆய்வகத்தில் சந்தித்துக்கொண்ட விஞ்ஞானிகள் 2014இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய புரோட்டான் மெயில் ஒன்று. ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து இயங்கும் டூட்டா மற்றொன்று. 2023 வரை அதன் பெயர் டூட்டானோட்டா. இரண்டிலும் உங்கள் அஞ்சல்பெட்டி உங்கள் சாவியால் பூட்டப்பட்டு சர்வரில் கிடக்கிறது. டூட்டா மெயிலின் தலைப்பு வரியையும் பூட்டுகிறது, புரோட்டான் அப்படிச் செய்வதில்லை. புரோட்டான் பிஜிபி என்ற பழைய மறையாக்கத் தரத்தின் மேல் நிற்பதால் வெளியில் பிஜிபி வைத்திருப்பவர்களோடு பேசும். டூட்டா பேசாது. தண்டர்பேர்ட் போன்ற செயலியில் மெயில் படித்துப் பழகியவர்களுக்கு டூட்டா ஒத்துவராது, வெளிச் செயலிகள் மெயிலை எடுத்துப் படிக்க உதவும் ஐமேப் வழியை அது திறப்பதே இல்லை. புரோட்டானுக்குப் பிரிட்ஜ் என்ற இடைமென்பொருள் இருக்கிறது, கட்டணத் திட்டத்தில் மட்டும்.

இவ்வளவும் சரி. ஆனால் மின்னஞ்சல் என்பது அடிப்படையில் இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயம். எஸ்எம்டிபி என்ற அதன் விதிமுறை 1982இல் எழுதப்பட்டபோது மறையாக்கம் என்ற நினைப்பே அதில் இல்லை. ஜிமெயிலில் இருக்கும் நண்பர் எனக்கு எழுதினால், வழியில் பூட்டு இருந்தாலும், என் நிறுவனத்தின் வாசலில் அந்தக் கடிதம் பூட்டில்லாமல்தான் வந்து நிற்கிறது. வந்த பிறகுதான் அவர்கள் அதை என் பூட்டால் பூட்டி உள்ளே வைக்கிறார்கள். 2020இல் கொலோன் நகர நீதிமன்றம் டூட்டாவுக்கு இட்ட ஆணை இந்த வாசல்படியைப் பற்றியதுதான்: குறிப்பிட்ட ஒரு கணக்குக்குப் பூட்டில்லாமல் வரும் மெயில்களின் நகலை எடுத்துத் தர வேண்டும். அடுத்த ஆண்டு, பிரான்சின் வேண்டுகோளை ஏற்ற சுவிஸ் அதிகாரிகள் ஒரு காலநிலைச் செயற்பாட்டாளரின் ஐபி முகவரியை, அதாவது அவர் எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறார் என்று காட்டும் எண்ணை, பதிவுசெய்யும்படி புரோட்டானைக் கட்டாயப்படுத்தினார்கள். கடிதங்களின் உள்ளடக்கம் போகவில்லை. ஐபி முகவரி போனது. அந்தச் சமயத்தில் பலர், அப்படியானால் எல்லாம் ஏமாற்றுதானே என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தச் சேவையும் தன் நாட்டுச் சட்டத்துக்கு வெளியே நிற்காது. கேட்டால் கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

இன்னொரு உண்மை இதைவிடக் கசப்பானது. பெஞ்சமின் மாக்கோ ஹில் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாகத் தன் மின்னஞ்சல் சர்வரைத் தானே நடத்தியவர். 2014இல் தன் பெட்டியை ஒரு கணக்கெடுப்பு எடுத்துப் பார்த்தார். அவருடைய தனிப்பட்ட கடிதப் போக்குவரத்தில் ஏறக்குறைய பாதி கூகுளிடம் இருந்தது. அவர் போகவில்லை, அவருக்கு எழுதுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். இதைப் படித்த அன்று மாறுவதே வீண் என்று ஒரு வாரம் சோர்ந்திருந்தேன். பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் இதுதான்: என் கடிதங்கள் நூறு பேரின் பெட்டிகளில் துண்டு துண்டாகக் கிடப்பதும், என் 14 ஆண்டு வாழ்க்கை தேதிவாரியாக அடுக்கி, தேடும் வசதியோடு ஒரே இடத்தில் கிடப்பதும் சமம் ஆகாது.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், முதலில் மெயில் சேவையை மாற்றவில்லை. ஒரு டொமைன் வாங்கினேன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த நிறுவனம் நல்லது என்ற சண்டையில் இது காணாமல் போகிறது. முகவரியின் பின்பாதி என்னுடையதாக இருந்தால், நிறுவனம் பிடிக்காதபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம், எழுதுகிறவர்களுக்கு மாற்றம் தெரியவே தெரியாது. ஸ்கிஃப் என்று அந்தரங்கத்தைப் போற்றிய ஒரு சேவை இருந்தது. 2024 பிப்ரவரியில் நோஷன் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது, ஆறு மாதத்தில் மூடப்படும் என்றார்கள். ஸ்கிஃப்பின் பெயரில் முகவரி வைத்திருந்தவர்கள் எல்லாத் தளங்களிலும் ஓடி ஓடி மாற்ற வேண்டியிருந்தது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்களுக்கு அது சில அமைப்புகளை மாற்றும் வேலையோடு முடிந்தது.

டொமைனுக்கும் ஆபத்து உண்டு. புதுப்பிக்க மறந்தால் வேறு யாரோ அதை வாங்கலாம், வாங்கியவர் உங்களுக்கு வரும் மெயில்களைப் பெறலாம், பெற்றவர் உங்கள் வங்கியின் கடவுச்சொல்லை மாற்றலாம். ஆகவே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடும், சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கட்டிவைப்பதும் அவசியம். டொமைன் பதிவாளரிடம் தொடர்பு முகவரியாக அதே டொமைனின் முகவரியை மட்டும் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை ஆகிவிடும். இன்னொன்று, சொந்த டொமைன் என்பது பெயர்ப்பலகை. நூறு கடைகளுக்கு அதே டொமைனில் நூறு முகவரி கொடுத்தாலும் எல்லாம் ஒரே ஆள் என்று யாருக்கும் புரியும். அப்படிப்பட்ட இடங்களுக்கு சிம்பிள்லாகின், ஆடி, ஃபயர்ஃபாக்ஸ் ரிலே போன்றவை தரும், வருவதை என் உண்மையான பெட்டிக்குத் தள்ளிவிடும் முகமூடி முகவரிகளைப் பயன்படுத்துகிறேன். தொல்லை அதிகமானால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம்.

சொந்த மெயில் சர்வர் நடத்தலாமே என்று கேட்பவர்களுக்கு: எட்டு மாதம் நடத்திப் பார்த்தேன், வேண்டாம். மெயில் உண்மையாகவே என் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் அமைப்புகள் எல்லாம் சரியாக வைத்தும், அறிமுகமில்லாத ஐபி முகவரியிலிருந்து வருகிறது என்பதற்காகவே என் மெயில்கள் சத்தமில்லாமல் ஸ்பாமில் போய் விழுந்தன. ஒரு வேலை விண்ணப்பத்துக்கு நான் அனுப்பிய பதில் போய்ச்சேரவே இல்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

இடையில் ஒரு நடுவழியும் இருக்கிறது. பெர்லினில் இயங்கும் போஸ்டியோ, மெயில்பாக்ஸ், ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில் போன்றவை சந்தா வாங்கிப் பிழைக்கும் நிறுவனங்கள். இயல்பான அமைப்பில் சாவி உங்களிடம் மட்டும் இருக்காது. ஆனால் உங்களை விளம்பரக்காரர்களுக்கு விற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை, ஐமேப் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். சொந்த டொமைன் வேண்டுமென்றால் போஸ்டியோவில் முடியாது, மற்ற இரண்டிலும் முடியும். பலருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். முழுப் பூட்டுள்ள சேவைகளில் ஒரு சிரமத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: தேடல். சர்வருக்கே உங்கள் மெயிலைப் படிக்கத் தெரியாதபோது அது எப்படித் தேடித்தரும்? உங்கள் கருவியே எல்லாவற்றையும் இறக்கி அட்டவணை போட வேண்டும். புதிய கணினியில் முதல் நாள் எரிச்சலாக இருக்கும்.

மாறுவதை ஒரே வாரத்தில் முடிக்க நினைத்தால் தோற்றுவிடுவோம். எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. பழைய முகவரிக்கு ஒரு மெயில் வரும்போதெல்லாம் அந்த ஒரு தளத்தில் மட்டும் போய் முகவரியை மாற்றுவேன், அவ்வளவுதான். வங்கி முதலில், செய்திமடல்கள் கடைசியில். பழைய கணக்கை இன்றும் மூடவில்லை, அவ்வப்போது உள்ளே போய் வருகிறேன். இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை அழிப்பது 2023 டிசம்பரிலிருந்து கூகுளின் கொள்கை, மற்றவர்களிடமும் அதுபோன்ற விதிகள் உண்டு.

கோப்புகளின் கதை இதைவிட எளிது, ஏனென்றால் அதில் எதிர்முனை என்று யாரும் இல்லை. இடத்தை மாற்றாமலே பூட்டை மாற்றலாம். கிரிப்டோமேட்டர் என்ற திறந்த மூல, அதாவது நிரலை யாரும் படித்துப் பார்க்கக்கூடிய, மென்பொருள் உங்கள் கணினியிலேயே ஒரு பெட்டகத்தை உருவாக்குகிறது. அதில் போடும் ஒவ்வொரு கோப்பும், பெயர் உட்பட, மறையாக்கப்பட்டுத்தான் கூகுள் டிரைவுக்கோ டிராப்பாக்ஸுக்கோ போகிறது. அவர்களுக்குத் தெரிவது அளவும் நேரமும், பொருளற்ற எழுத்துச் சரங்களும் மட்டுமே. கட்டளைவரி பழகியவர்களுக்கு ஆர்குளோன் என்ற மென்பொருளின் கிரிப்ட் வசதி அதே வேலையைச் செய்யும். புதிதாகத் தொடங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த வழிதான்.

நெக்ஸ்ட்கிளவுடைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ஓன்கிளவுட் என்ற மென்பொருளிலிருந்து 2016இல் பிரிந்து வந்த, நாமே ஒரு சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய அருமையான மென்பொருள் அது. கோப்பு, நாட்காட்டி, தொடர்புகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் அது இயல்பாகவே கோப்புகளைப் பூட்டிவிடுவதில்லை. சர்வரை நிர்வகிப்பவர் பார்க்கலாம். நிர்வகிப்பவர் நீங்களே என்றால் சிக்கல் இல்லை, வேறொருவர் நடத்தும் இடத்தில் கணக்குத் திறந்தால் நம்பிக்கையை ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து ஒரு சிறிய நிறுவனத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங் வேறு வகை. நடுவில் சேமிப்புச் சர்வரே இல்லை, உங்கள் கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. அழகான எளிமை. ஆனால் ஒரு கருவியில் அழித்தால் மற்றதிலும் அழியும், அதை பேக்கப் என்று நம்பி உட்காராதீர்கள்.

“சாவி எங்களிடம் இல்லை” என்று எழுதியிருக்கும் எல்லோரையும் நம்பவும் முடியாது. 2024இல் சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிங்க், பிகிளவுட், ஐஸ்டிரைவ், சீஃபைல், டிரெசோரிட் ஆகிய ஐந்து சேவைகளை ஆராய்ந்தார்கள். சர்வரே எதிரியாக மாறினால் என்ன நடக்கும் என்பது அவர்களின் கேள்வி. ஐந்திலும் குறைகள் இருந்தன, டிரெசோரிட்டில் ஒப்பீட்டளவில் குறைவு. சிலவற்றில் சர்வர் தன் சொந்தச் சாவியை உங்களுடையது என்று நம்பவைக்கலாம், உங்கள் சேமிப்பில் கோப்புகளைப் புகுத்தலாம். ஆகவே செயலியின் மூலநிரல் வெளியில் இருக்கிறதா, வெளியாட்கள் தணிக்கை செய்த அறிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கு மேலே போகத் தோன்றும்.

படங்கள் என்றால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். 2022இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி ஒன்று. மருத்துவர் பார்ப்பதற்காகத் தன் மகனின் உடல்பகுதியைப் படமெடுத்த ஒரு தந்தை. கைபேசியிலிருந்து படம் தானாகக் கிளவுடுக்குப் போனது, கூகுளின் கணினி அதைச் சிறார் பாலியல் கொடுமை என்று கொடியிட்டது. காவல்துறை விசாரித்து அவர் குற்றமற்றவர் என்றது. கணக்கு திரும்பி வரவில்லை. அத்தகைய படங்களைத் தேடிப்பிடிக்கும் நோக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தத் தந்தையின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இப்போது எங்கள் வீட்டுப் படங்கள் என்டே என்ற சேவையில் இருக்கின்றன, திறந்த மூலம், முழு மறையாக்கம். வீட்டிலேயே சர்வர் வைத்திருப்பவர்கள் இம்மிச் என்ற படச் சேமிப்பு மென்பொருள் பக்கம் போகிறார்கள். ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு 2022 இறுதியில் வந்த மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு என்ற அமைப்பு உண்டு. நீங்களே போய் இயக்க வேண்டும், இயக்கினாலும் மெயில், தொடர்புகள், நாட்காட்டி அதில் சேராது. 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசின் அழுத்தத்துக்குப் பிறகு அந்த நாட்டில் அதை ஆப்பிள் விலக்கிக்கொண்டது.

சாவி நம் கையில் மட்டும் இருப்பதன் மறுபக்கத்தை நான் அனுபவித்துத்தான் கற்றேன். என் மகள் மழலை பேசத் தொடங்கிய மாதங்களில் அவள் பேசியதையெல்லாம் கைபேசியில் பதிவுசெய்து ஒரு பெட்டகத்தில் போட்டுவந்தேன். பிறகு ஒருநாள் அதன் கடவுச்சொல்லை இன்னும் வலுவானதாக மாற்றினேன். மனதில் நிற்கும் என்று எழுதிவைக்கவில்லை. மீட்புச் சாவியை அச்சிட்டு வைக்கச் சொல்லி மென்பொருள் கேட்டது, பிறகு பார்க்கலாம் என்று கடந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திறக்கப் போனால் கை நின்றுவிட்டது. இந்த முறை உதவிப் பக்கம் இல்லை, படிவம் இல்லை, அலமாரியில் பழைய கணினியும் இல்லை. அந்த அமைப்பு சொன்னபடியே சரியாக வேலை செய்தது.

அதற்குப் பிறகு, கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கடவுச்சொல் மேலாளர் என்ற மென்பொருள் வந்தது. மீட்புச் சொற்கள், டொமைன் பதிவாளரின் விவரம், எந்தப் பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்ற குறிப்பு எல்லாவற்றையும் காகிதத்தில் கையால் எழுதி இரண்டு உறைகளில் போட்டேன். ஒன்று வீட்டில். மற்றதைத் தங்கையிடம் கொடுத்தேன். “இதை நான் திறந்து பார்க்கணுமா அண்ணா?” என்றாள். “நான் இல்லேன்னா மட்டும் திற” என்றேன். முகம் மாறிப்போய், அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெட்டகத்தை நான் அழிக்கவில்லை. 212 கோப்புகள். பேக்கப் ஓடும்போதெல்லாம் அவையும் சேர்ந்து நகலாகின்றன. சென்ற மாதம் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நான் அதுல என்னப்பா சொன்னேன்?” என்று கேட்டாள். நிலாவை ‘நியா’ என்றாய், மழையை ‘அயை’ என்றாய் என்றேன். சொல் நினைவிருக்கிறது. எந்த இழுப்பில் சொன்னாள் என்பது எனக்கு மறந்துகொண்டு வருகிறது.